பனி விழுந்த காலையில் கத்தியை எடுக்காதீர்கள்: அறிகுறி பார்த்துச் செடியைக் காப்பாற்றுவது

ஊட்டிப் பக்கம் மழை ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரைக்கும் வானம் தெளிந்த எந்த இரவிலும் விழலாம். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் விடியும்போது புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போலக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். காய்கறி போட்டவன் வயிறு எரிய நிற்பான்.

அந்த எரிச்சலில் நாம் செய்கிற வேலைகள்தான் பாதிச் செடியைக் கொல்கின்றன. நானே சாட்சி. ஒரு ஜனவரியில் கருகிய தேயிலையை மறுநாளே கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிக் கழித்துவிட்டேன். அடுத்து வந்த வெயில் நாட்களில் பசேலென்று துளிர்த்தது. ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். பிப்ரவரியில் விழுந்த ஒரே பனி அந்தத் துளிரை வழித்துப் போட்டது. முதல் பனியில் தப்பித்திருந்த செடிகள்கூட அதில் பட்டுப்போயின. அதனால் இங்கே செடியில் என்ன தெரிகிறது, உள்ளே என்ன நடந்திருக்கிறது, இப்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரிகிற அறிகுறியைத் தேடி அங்கிருந்து படிக்கலாம்.

"வெப்பமானி 3 டிகிரி காட்டியது, ஆனாலும் உறைந்துவிட்டது"

வெப்பமானி பொய் சொல்லவில்லை, அது இருந்த இடம்தான் வேறு. வானிலைக் கணக்குக்கான வெப்பமானியை ஆள் நெஞ்சு உயரத்தில், கூண்டுக்குள் வைப்பார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இலை அதிகமாகக் குளிர்ந்துபோகும். நெஞ்சு உயரத்தில் 3 டிகிரி என்றால் புல் மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஒரு சாதாரண வெப்பமானியைச் செடியின் உயரத்தில், கூரையில்லாத இடத்தில் ஒரு குச்சியில் கட்டி வையுங்கள். செய்தியில் சொல்லும் எண்ணைவிட அதில் தெரிகிற எண்தான் உங்களுக்கு உதவும்.

மேகம் மூடிய இரவிலும் காற்று அடிக்கிற இரவிலும் நிம்மதியாகத் தூங்கலாம். மாலையில் வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்து, காற்று சட்டென்று நின்றால்தான் பயப்பட வேண்டும்.

"விடியற்காலையில் இலை விறைத்துத் தொங்கியது, பத்து மணிக்குப் பழையபடி நிமிர்ந்துவிட்டது"

செய்ய வேண்டியது எதுவுமில்லை. உண்மையிலேயே எதுவுமில்லை. விறைத்திருக்கும்போது தொடாமல், உலுக்காமல், அந்தப் பாத்தியில் நடக்காமல் இருந்தால் போதும். முட்டைகோஸ், கேரட், பூண்டு, பட்டாணியின் இளஞ்செடி ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம்.

உள்ளே நடந்தது சுவாரசியமானது. இலையில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. செல்லுக்குள்ளே இருப்பது ஒன்று, செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் இருப்பது இன்னொன்று. உள்ளே இருப்பதில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது எளிதில் உறையாது. சந்தில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அதுதான் முதலில் பனிக்கட்டியாகிறது. அந்தப் பனிக்கட்டி பக்கத்துச் செல்லிலிருந்து நீரை உறிஞ்சி வளர்கிறது. செல் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க உள்ளே இருக்கிற சாறு கெட்டியாகி, இன்னும் உறையாததாகிறது. வெயில் வந்து பனி உருகியதும் செல் அந்த நீரைத் திரும்பக் குடித்து நிமிர்கிறது. அதாவது குளிரைத் தாங்குவது என்பது பெரும்பாலும் வறட்சியைத் தாங்குவதுதான். பனியில் செத்த செடியில் பல, உண்மையில் தாகத்தில் செத்தவை.

இதற்கான ஆயத்தத்தைச் செடி முன்கூட்டியே செய்கிறது. இரவுகள் சிறிது சிறிதாகக் குளிரும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பை, குளிரிலும் இறுகாத வகையாக மாற்றிக்கொள்கிறது. வறட்சியில் உதவுகிற சில புரதங்களையும் சேர்த்து வைக்கிறது. கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியமான ரை இதற்குப் பேர்போன உதாரணம். பழக்கப்படாத ரை பூச்சியத்துக்குக் கீழே 5 டிகிரியிலேயே செத்துப்போகும். சில வாரம் குளிரில் பழகிய அதே ரை 30 டிகிரி கீழே போனாலும் பிழைக்கும். விதை ஒன்றுதான், ஆனால் அது கடந்த வாரங்கள் வேறு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழகுவதற்கு வாரக்கணக்காகும், மறப்பதற்குச் சில நாள் போதும். நடு ஜனவரியில் ஒரு வாரம் வெயில் கொளுத்தினால் செடி தன் குளிர்காலச் சட்டையைக் கழற்றிவிடும். அதற்குப் பின் விழும் பனிதான் ஆபத்தானது. டிசம்பர்ப் பனியில் சிரித்த செடி பிப்ரவரிப் பனியில் சாவதற்கு இதுவே காரணம், பனியின் அளவு இரண்டாம்பட்சம்.

"காலையில் கண்ணாடி போல இருந்தது, ஒன்பது மணிக்கு வெந்த கீரை, மதியம் கறுப்பு"

இது செல்லே உடைந்த அறிகுறி. பனி செல்லுக்குள் புகுந்துவிட்டது, அல்லது செல் திரும்ப நிமிர முடியாத அளவுக்குச் சுருங்கிச் சவ்வு கிழிந்துவிட்டது. சாறு வெளியே கசிவதால்தான் இலை நனைந்து வெந்தது போலத் தெரிகிறது. அந்த இலை திரும்பாது. ஆனால் இலை போனதென்றால் செடி போனது என்று அர்த்தமில்லை.

இரண்டு மூன்று வாரம் பொறுத்துக் கீறிப் பாருங்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நாறும் ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ, கடைசியில் வெட்ட வேண்டிய இடம் அதுதான். கடைசியில் என்று சொல்வது பனிக்காலம் முடிந்த பிறகு, மார்ச்சில். அதுவரை கருகிய இலையே கீழிலைக்குப் போர்வையாக இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும்தான், சகித்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று: கீரை, கொத்தமல்லி மாதிரி மென்மையான தண்டுள்ள ஓராண்டுச் செடிகள் கருகினால் அழுகல் பரவுமுன் எடுத்துவிடலாம். அங்கே காத்திருந்து பயனில்லை.

இந்த வாரம் யூரியா வேண்டாம். தழைச்சத்து கொடுத்தால் செடி மென்மையான துளிரை விடும், அது அடுத்த பனிக்கு வைத்த விருந்து. மண் காய்ந்திருந்தால் பகல் பொழுதில் அளவாகத் தண்ணீர் விடுங்கள், போதும்.

"தேயிலையில் மேல்மட்டம் மட்டும் செம்பு நிறம், உள்ளே பச்சை"

வெப்பத்தை வானத்துக்கு விட்டது மேலிலைதான். அதற்குக் கீழே இருந்த இலைக்கு மேலிலையே கூரை. சில்வர் ஓக் நிழலில் நிற்கும் செடிகளையும் வெட்டவெளியில் நிற்பவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், மரத்தடியில் வட்டமாகப் பச்சை தெரியும். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கு மேல் மிலாறு என்ற செடியின் தழையைப் போட்டு மூடுவதும், சிறு தோட்டங்களில் இளந்தேயிலைக்குப் பெரணி இலை போர்த்துவதும் இந்தக் கூரை வேலைதான். குளிரைத் தடுப்பதற்காக அல்ல, வானத்தை மறைப்பதற்காக.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். செஞ்சிலந்தி தாக்கினாலும் தேயிலை செம்பு நிறமாகும். ஆனால் அது முற்றிய இலையில் நரம்பு ஓரத்தில் தொடங்கி நாள்கணக்கில் பரவும். பனிக்கருகல் ஒரே இரவில், மேலே, சீராக வரும், பள்ளத்தில் கூடுதலாக இருக்கும். மருந்துக்கடைக்கு ஓடுமுன் இலையின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூச்சி இல்லையென்றால் காசு மிச்சம்.

கருகிய கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டாம், தரம் கெடும். கவாத்துக்கு மேலே சொன்ன அதே விதி: பனி முடியட்டும்.

"மேட்டுப் பாத்தி தப்பியது, பத்தடி கீழே இருந்தது போய்விட்டது"

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலியோ சுவரோ இருந்தால் அணை கட்டியது போலத்தான். வேலியின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் வழி விட்டுப் பாருங்கள், அடுத்த பனியிலேயே வித்தியாசம் தெரியும். பள்ளத்தில் பீன்ஸ், தக்காளி, உருளை போடுவதை விட்டு முட்டைகோஸ், பூண்டு போடுவது இன்னும் எளிது.

நீலகிரியின் மேல்மலைகளே இந்தப் பாடத்தைப் படம் வரைந்து காட்டுகின்றன. சோலைக்காடு மடிப்புகளுக்குள் அடர்ந்திருக்கும், வெளியே புல்வெளி. திறந்த புல்வெளியில் சோலை மரங்களின் நாற்று எழாததற்கு இரவுப்பனியும் காலை வெயிலும் சேர்ந்த அடி ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் புல்வெளியில் தனியாகத் துணிந்து நிற்கும் மரம் காட்டுப்பூவரசு, சிவப்புப் பூ பூக்குமே, அதுதான். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உள்ள அதன் உறவுக்காரச் செடி கடுங்குளிரில் இலையைச் சுருட்டுப் போலச் சுருட்டித் தொங்கப் போட்டுவிடும். காலை வெயில் நேராகத் தாக்காமலும், உறைந்த இலை மெதுவாக உருகவும் அது உதவுகிறது. உறைந்த இலைமேல் சுள்ளென்று வெயில் படுவது சில செடிகளுக்குப் பனியைவிட மோசம். கிழக்குப் பார்த்த பாத்தியில் கருகல் அதிகம் என்றால், வெயில் ஏறும்வரை அந்தப் பக்கம் ஒரு சாக்குத் திரை கட்டுங்கள்.

"தண்ணீர் தெளித்தும் செத்துவிட்டது"

அநேகமாகச் சீக்கிரம் நிறுத்தியிருப்பீர்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் தெளிப்பு நடந்துகொண்டே இருக்கும்வரை இலை பூச்சியத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. ஆனால் அதே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரியை இலையிடமிருந்து பறிக்கிறது. கொடுப்பதைவிடப் பறிப்பது ஏழு மடங்குக்கு மேல். நடுவில் மின்சாரம் போய்த் தெளிப்பான் நின்றாலோ, காற்று அடித்தாலோ, தெளிக்காத பாத்தியைவிட நனைந்த பாத்திக்கே அடி அதிகம். இரவு தொடங்கினால் காலையில் பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தக் கூடாது. அந்த உறுதி இல்லையென்றால் தொடங்காதீர்கள். என் கிணற்று மோட்டாரை நம்பி நான் தொடங்குவதில்லை.

பூங்காக்களில் விடியலில் புல்மேல் தண்ணீர் அடிப்பது வேறு வேலை. அது படிந்த பனியை வெயிலுக்கு முன்பே கழுவி விடுவது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பனி வரும் என்று தெரிந்த அன்று பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள், மண்ணை மட்டும், இலையை அல்ல. ஈரமண் பகல் வெப்பத்தைக் காய்ந்த மண்ணைவிட அதிகம் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். வைக்கோல் மூடாக்குப் போட்டிருந்தால் அந்த வெப்பம் மேலே வராது. வேருக்கு மூடாக்கு நல்லதுதான், ஆனால் பனி இரவில் தாழ்வான காய்கறிச் செடிகளின் வரிசைகளுக்கிடையே அதை ஒதுக்கி வைத்தால் இலை தப்பும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாதிப் பாத்தியில் செய்து பாருங்கள்.

"மூடி வைத்தும் ஓரம் கருகியிருக்கிறது"

பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டிருக்கும். தொட்ட இடமெல்லாம் கருகும். குச்சி நட்டு மேலே தூக்கிக் கட்டுங்கள், அல்லது பழைய வேட்டி, சாக்கு, போர்வை போடுங்கள். துணி தரை வரைக்கும் விழ வேண்டும். மரத்தண்டில் சுற்றி முடிச்சுப் போட்டால் மண்ணிலிருந்து ஏறும் வெப்பம் உள்ளே நுழையவே வழியில்லை. வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

"உருளைக்கிழங்குச் செடி தலை கறுத்துவிட்டது"

உருளையின் இலை பூச்சியத்துக்கு 2, 3 டிகிரி கீழேயே போய்விடும். ஆண்டிஸ் மலையில் பிறந்த செடிதான், ஆனால் நாம் பயிரிடும் வகை குளிரில் பழகக் கற்காதது. முதலில் இது பனியா, பின்கருகல் நோயா என்று பாருங்கள். நோய் என்றால் இலையில் திட்டுத் திட்டாக வரும், ஈரக் காலையில் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை தெரியும். பனி என்றால் திட்டு இல்லாமல் உச்சி முழுவதும் ஒரே நாளில் தொங்கும்.

கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். செடி இளசாக இருந்தால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி துளிர்க்கும், மண் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அறுவடை நெருங்கியிருந்தால் தோல் இறுக இரண்டு வாரம் விட்டுத் தோண்டுங்கள். மண்ணுக்கு வெளியே தலைகாட்டிய கிழங்குகளை மட்டும் வெட்டிப் பார்த்து, உள்ளே நீர்த்துச் சாம்பல் நிறமாக இருந்தால் ஒதுக்குங்கள். கடுங்குளிரில் கிடந்த கிழங்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். அதை வறுத்தால் சிப்ஸ் கறுத்துப் போய்க் கசக்கும். கடைக்காரர் எண்ணெயைக் குறை சொல்லுவார்.

உருளைக்கு இந்த விஷயத்தில் ஒரு சரித்திரமும் உண்டு. சுத்தமான நீர்த்துளி பூச்சியத்தில் உறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பிடித்துக்கொள்ள ஒரு துகள் கிடைக்காவிட்டால் பல டிகிரி கீழே வரை திரவமாகவே நிற்கும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அந்தத் துகள் வேலையைச் செய்து, 2 டிகிரி கீழேயே உறைய வைத்துவிடுகிறது. அந்தத் திறனை நீக்கிய பாக்டீரியாவை 1987-ல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரிப் பாத்தியிலும் உருளைக்கிழங்கு வயலிலும் தெளித்துச் சோதித்தார்கள். மரபணு மாற்றிய உயிரை அனுமதியோடு திறந்தவெளியில் விட்ட முதல் சோதனை அதுதான். எதிர்ப்பாளர்கள் இரவோடு இரவாகச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். பொருள் கடைசிவரை கடைக்கு வரவில்லை, நாம் சாக்கோடு நிற்கிறோம்.

"கேரட், முட்டைகோஸ் இலை ஊதா நிறமாகிவிட்டது"

நோயல்ல. குளிரில் வெயிலைத் தாங்க இலை பூசிக்கொள்ளும் சாயம் அது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் இதே நிறம் வரும், குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தைச் சரியாக எடுக்காது. மண் சூடேறினால் தானே சரியாகும். குளிர் பட்ட கேரட் இனிப்பாக இருப்பதும் அந்தச் சர்க்கரை ஆயத்தத்தால்தான். நான் வீட்டுக்கு வைத்துக்கொள்வது ஜனவரிக் கேரட்டைத்தான்.

"பீச், பிளம்ஸ் நன்றாகப் பூத்தது, ஒரு காய்கூட இல்லை"

மூடிய மொட்டு நல்ல குளிரைத் தாங்கும். விரிய விரிய அந்தத் தாங்கும் சக்தி குறையும். முழுதாக விரிந்த பூ ஏறக்குறைய 2 டிகிரி கீழே போனாலே சேதப்படத் தொடங்கும், 4 டிகிரி கீழே போனால் பெரும்பாலும் முடிந்தது. இதழ் நிறம் மாறாமல், அழகாகவே இருக்கும், அதுதான் ஏமாற்று. பூவைப் பிய்த்து நடுவில் உள்ள சூலைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் காய்க்கும், கறுத்திருந்தால் இந்த வருடத்துக்கு அவ்வளவுதான். பத்துப் பூ பார்த்துவிட்டு, உரத்துக்கும் மருந்துக்கும் செலவு செய்யலாமா என்று முடிவெடுங்கள்.

"நாற்று மண்ணைவிட்டு மேலே வந்து வேர் தெரிகிறது"

ஈரமான வெற்று மண் இரவில் உறையும்போது ஊசி ஊசியாகப் பனி மேல்நோக்கி வளர்ந்து மண்ணையும் நாற்றையும் தூக்கிவிடும். காலையில் நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று கேட்கும். உருகியதும் நாற்றை மெல்ல அழுத்தி மண் அணையுங்கள். இங்கே மூடாக்கு நல்லது. மேலே ஒதுக்கச் சொன்னேனே என்று கேட்கலாம். நாற்றங்காலில் மண்ணைக் காப்பாற்ற வேண்டும், பெரிய செடியில் இலையைக் காப்பாற்ற வேண்டும்.

"பனியே விழவில்லை, 6 டிகிரிதான், தொட்டியில் கறிவேப்பிலை கொட்டுகிறது"

இது உறைதல் இல்லை, குளிர்ச்சேதம். கறிவேப்பிலை, வாழை, துளசி, தக்காளி எல்லாம் வெப்பமண்டலத்துக்காரர்கள். பத்து டிகிரிக்குக் கீழே அவற்றின் சவ்வு இறுகி வேலை மந்தமாகிறது, உறைவதற்கு வெகுமுன்பே. இலை மஞ்சளாகிக் கொட்டும், தக்காளியில் குழிக்குழியாக வரும். இவற்றை ரை மாதிரிப் பழக்க முடியாது. தொட்டியை வீட்டுச் சுவரோரம், தெற்குப் பக்கம் நகர்த்துங்கள், இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். இலை குறைந்துவிட்டதால் தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டும். மண்ணுக்குள் ஒரு கணு விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். குச்சி மட்டும் மிஞ்சினாலும் தூக்கிப் போட வேண்டாம், ஏப்ரலில் கீறிப் பாருங்கள்.